தடைக்காலத்தில் குறையும் வலி

என்னிடம் பயிற்சி பெற்ற கவிதா, நான் ஓய்வு பெற்று வந்த அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் இப்போது மூத்தவள். போன வாரம் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். பிரிவில் புதிதாக ஒரு தொடுதிரை டேப் வைத்திருக்கிறார்களாம். மறுபரிசோதனைக்கு வரும் நோயாளி அதில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். “இப்போது உங்களுக்கு இருக்கும் வலி, நீங்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவில் இருக்கிறதா?” ஆம் என்றால் சிகிச்சை முடிந்தது. அடுத்தவர் உள்ளே வரலாம்.

“எப்படி இருக்கு மேடம்? பேஷண்ட் சொல்றதுதான் முடிவு. நல்ல விஷயம்தானே?” என்று கீழே கேட்டிருந்தாள்.

கவிதா நல்ல பெண், நல்ல வேலைக்காரி. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் படத்தின் மேல் இருக்கிற கோபம் இன்னும் அடங்கவில்லை. பதில் எழுதுவதும் அழிப்பதுமாக ஒரு முற்பகல் போயிற்று. கைப்பேசியில் அடங்குகிற சமாசாரம் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் யாராவது படித்தால் சரி.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அத்தாவுக்குப் புதுச்சேரியில் சின்னதாக ஒரு துணிக்கடை. டாக்டர் சீட் கிடைக்கவில்லை, இது கிடைத்தது. சென்னையில் ஹாஸ்டல், தண்ணி சாம்பார், மனப்பாடம் பண்ணிய எலும்புகளின் பெயர்கள். திரும்பி வந்து வேலையில் சேர்ந்தபோது, “பாய் வூட்டுப் பொண்ணு மசாஜ் படிச்சிட்டு வந்திருக்குதாம்” என்று தெருவில் பேசினார்கள். அந்தக் கோபமும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

வேலையை வேலையில்தான் கற்றேன். தோள்வலி என்று ஒரு பெண் வந்தால், பத்துக்கு எவ்வளவு வலி என்று எண் கேட்டுத் தொடங்க மாட்டேன். கொண்டையை அவிழ்த்துத் திரும்பப் போடச் சொல்வேன். கையை முதுகுப் பக்கம் கொண்டுபோகச் சொல்லி, ஜாக்கெட்டின் பின்னால் கட்டைவிரல் எதுவரை ஏறுகிறது என்று பார்ப்பேன். அடுத்து, கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பேன். எந்த உயரத்தில் உதடு இறுகுகிறதோ அங்கேதான் வலி ஆரம்பம். பிறகு தோள்பட்டை எலும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவர் கையை நானே தூக்கிப் பார்ப்பேன். தானாகப் போகாத கை நான் தூக்கும்போது போகிறது என்றால் தசைநாரில் கோளாறு. நான் தூக்கியும் போகவில்லை என்றால் மூட்டே இறுகிக் கிடக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒத்தடம். வெந்நீர்த் தொட்டியிலிருந்து பையை எடுத்து, துண்டில் சுற்றித் தோளில் வைப்பேன். மெலிந்த உடம்பு என்றால் துண்டை இன்னொரு மடிப்பு மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். அப்புறம் கதவுக்கு மேல் மாட்டிய கப்பியில் கயிற்றை இழுக்கும் பயிற்சி, சுவரில் விரலால் ஏறும் பயிற்சி, கடைசியாக ரப்பர் பட்டை. எதற்காக இதைச் செய்கிறோம் என்று நோயாளிக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க, பரணிலிருந்து பாத்திரம் எடுக்க, பேரப்பிள்ளையைத் தூக்க. அந்தக் காரியம் நடந்தால்தான் என் வரையில் சிகிச்சை முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் துறைத் தலைவர் வேறு ரகம். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் தொல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். தரை துடைக்கும் அம்மாவைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். மடிப்புக் கலையாத சட்டை, அதில் ஒரு பேனா. மறுபரிசோதனை நாளில் நோயாளியின் எதிரே வந்து நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, “அம்மா, இப்ப தாங்கற அளவுக்கு வந்துடுச்சா?” என்று கேட்பார். கேட்கும்போதே அவர் தலை ஆடும். எதிரில் இருப்பவள் தலையும் கூடவே ஆடிவிடும். இத்தனை மரியாதையாகக் கேட்கிற பெரிய டாக்டரிடம் இல்லை என்று சொன்னால், அவரையும் எங்களையும் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமே என்ற கூச்சம் அவர்களுக்கு.

“வந்துடுச்சு சார்.”

“ரொம்ப சந்தோஷம்மா.”

அவ்வளவுதான். தோளைத் தொட்டுப் பார்த்து நான் கண்டதே இல்லை.

வலியை அடியோடு போக்க முடியாத நோயில், எவ்வளவு வலியோடு வாழ்வது என்பதை நோயாளிதான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. “நாம நெனைக்கற ஆரோக்கியத்தை அவங்க மேல திணிக்கக் கூடாது மேடம். அது அவங்க உரிமை” என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானும் ஆரம்பத்தில் தலையாட்டியிருக்கிறேன்.

அந்த உரிமையை முழுசாகப் பயன்படுத்திய ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்தேன். அந்துவான் முசே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. பென்ஷன் பிரான்ஸிலிருந்து வந்தது. தனியாரிடம் போக வசதி இருந்தும், எங்கள் பயிற்சி பிடித்துப்போய் எங்களிடமே வந்தார். முழங்காலில் தேய்மானம். சமதரையில் ஒன்றும் இல்லை, மாடிப்படி இறங்கும்போது மட்டும் சுருக்கென்று ஒரு வலி. பத்துக்கு இரண்டு என்று அவரே சொன்னார்.

டாக்டர் வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முசே தலையை ஆட்டவில்லை.

“நோ டாக்டர். வலி இருக்கு.”

“வயசாவுதில்ல முசே. இந்த அளவு இருக்கத்தானே செய்யும்.”

“வயசானா படி எறங்க வேணாமா? என் வீடு மாடியில இருக்கு. நான் தெனம் பீச்சுக்குப் போறேன். வலி இல்லாம எறங்கணும். அதுக்குத்தான் மதாம்கிட்ட வர்றேன்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே சிகிச்சையை நீட்டித்தார். மறுபடியும் நீட்டித்தார். முசே கடைசியில் வலி இல்லாமலே படி இறங்கினார். எனக்கு ஒரு சாக்லேட் டப்பா வந்தது. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் கேட்க வேண்டும். வலி இல்லாமல் இருப்பது தனக்குச் சேர வேண்டியது என்று அவருக்கு இளவயதிலேயே யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மீன்கூடை சுமக்கிற பெண்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

வைத்திக்குப்பம், பிள்ளைச்சாவடி, ஏன், வடக்கே எல்லையில் இருக்கிற கனகசெட்டிக்குளத்திலிருந்துகூட அந்தப் பெண்கள் எங்களிடம் வருவார்கள். எப்போது வருவார்கள்? சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய பிறகு. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதத்தில்தான் அவர்களுக்கு ஆஸ்பத்திரி வர நேரம். சிறு படகில் வருகிற கொஞ்ச நஞ்ச மீனுக்கு ஆயிரம் பேர் போட்டி. பாதிப் பேர் கூடையை வீட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். தலையில் பாரம் இல்லை, தோளில் தினமும் ஒத்தடம். வலி குறையாமல் என்ன செய்யும்?

ஆறு வாரம் முடிந்தால் மறுபரிசோதனை என்பது எங்கள் பிரிவின் நடைமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அது சரியாகப் படகுகள் திரும்பக் கடலில் இறங்குவதற்கு முன்னால் வந்து நிற்கும். டாக்டர் வரிசையாகக் கேட்பார். அவர்கள் வரிசையாக வந்துடுச்சு என்பார்கள். பொய்யும் இல்லை, அன்றைக்கு நிஜமாகவே அவர்களுக்கு வலி தாங்குகிற அளவில்தான் இருந்தது. வருஷா வருஷம் இது நடந்தது. “நம்ம மீனவப் பெண்களுக்குத் தாங்கற சக்தி ஜாஸ்தி மேடம்” என்று டாக்டர் பெருமையாகச் சொல்வார். எனக்கு உள்ளங்காலிலிருந்து எரியும். சுமை தூக்காத மாதத்தில் கேட்டுவிட்டு, சுமைக்காரியின் சக்தியைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்? பலமுறை சொல்லியிருக்கிறேன். “பாப்போம் மேடம்” என்பார்.

அஞ்சலை அப்படி ஒரு தடைக்காலத்தில் வந்தவள். வைத்திக்குப்பத்துக்காரி. நாற்பதைத் தாண்டிய வயது. கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மகள் நர்சிங் முதல் வருஷம். அந்தப் படிப்பு முழுக்க இவள் கூடையில்தான் ஓடியது. வலது தோளில் வலி. பத்துக்கு எத்தனை என்று வெளிநோயாளிப் பிரிவில் கேட்டதற்கு, “நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க” என்று சொல்லியிருக்கிறாள்.

நான் வேறு மாதிரி கேட்டேன். எந்த வேலை செய்யும்போது வலிக்கிறது?

“கூடைய ஏத்தறதுல ஒண்ணும் இல்ல பாயம்மா. ஏலம் எடுத்த எடத்துல யாராவது ஒரு ஆளு ஏத்தி வுட்டுருவாங்க. எறக்கறதுதான். முன்னல்லாம் கூப்புட்ட வூட்டம்மா வந்து ஒரு கை புடிக்கும். இப்ப பால்கனியிலேந்தே வெல கேக்குறாங்க. குளிச்சிட்டேன், மீன்கூடைய தொட மாட்டேன்னுது ஒண்ணு. கீழ வந்தாலும் எட்ட நின்னுக்குது ஒண்ணு. தெருவுக்கு நாலு வூட்டுல ஒத்தையா எறக்கறேன். அப்பதான் இங்க புடிச்சி கிழிக்குது.”

எழுந்து நின்று செய்து காட்டினாள். இரண்டு கையும் தலைக்கு மேல். பாரம் முழுவதையும் வலது கையில் வாங்கி, உடம்பைத் திருப்பிக் கீழே இறக்குகிறாள். அந்தத் திருப்பத்தில்தான் தோளுக்குள் தசைநார் எலும்பில் உரசி நைகிறது. ஸ்கேனிலும் அதுவே தெரிந்தது. நைந்திருக்கிறது, இன்னும் அறுந்துபோகவில்லை. காப்பாற்றக்கூடிய தோள். வலியை அடக்குவது பாதி வேலைதான். தோளைச் சுற்றியுள்ள மற்ற தசைகளைக் கெட்டிப்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் வைத்து, திரும்பாமல் முட்டியை மடக்கி, இடுப்புயரச் சுவரில் இறக்கப் பழக்க வேண்டும். படகு போய், அவள் உண்மையிலேயே கூடை சுமக்கிற மாதங்களில் கூட இருந்து பார்க்க வேண்டும்.

“படகு போனப்புறம்தான் உனக்கு உண்மையான வைத்தியமே. பாதியில நிக்கக் கூடாது” என்று சொல்லி வைத்தேன். சரி சரி என்றாள்.

ஒரு நாள் தவறாமல் வந்தாள். கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டே, எந்தத் தெருவில் யார் எறாவுக்கு மட்டும் பேரம் பேசுவார்கள் என்று பேசிச் சிரிக்க வைப்பாள். கொண்டை போட்டாள். சுவரில் விரல் நன்றாகவே ஏறியது. மறுபரிசோதனை வந்தது.

“அம்மா, இப்ப தாங்கற அளவுக்கு வந்துடுச்சா?”

“வந்துடுச்சு சார். நல்லா இருக்குது.”

பேனாவை எடுத்துவிட்டார். நான் குறுக்கே புகுந்தேன்.

“சார், இவங்க இந்த ரெண்டு மாசமா கூடையே தூக்கலை. இப்ப முடிக்க வேணாம். தூக்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் ஒரு மாசம் பாத்துட்டு முடிக்கலாம்.”

“அவங்களே தாங்குதுன்னு சொல்றாங்க. நீங்க இல்லைன்றீங்க. வலி யாருதுங்க மேடம்?”

“சரி சார், ஒரு அன்னக்கூடையில மணல் மூட்டை வெச்சு இங்கேயே தூக்கி எறக்கச் சொல்லிப் பாப்போம்.”

“வலிக்க வெச்சு, வலி இருக்குன்னு நிரூபிக்கறதா?” என்று மெல்லச் சிரித்தார். “வெளியில எவ்வளவு பேர் காத்திருக்காங்க பாருங்க.”

அஞ்சலைதான் பதறிப்போனாள். “நல்லாத்தான் இருக்குது பாயம்மா. எனக்காக நீங்க பேச்சு வாங்காதீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் தோளைவிட என் மரியாதை அவளுக்குப் பெரிதாகப் பட்டது. டாக்டர் எழுதி முடித்தார். நோயாளியின் சொல்லை மதித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று ஒரு கேள்வி கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

முடித்துவிட்டால் அப்புறம் நேராக எங்களிடம் வர முடியாது. மறுபடி வெளிநோயாளிச் சீட்டு, எலும்பு டாக்டர், அவர் எழுதிக் கொடுத்தால்தான் எங்கள் கதவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலைப்பொழுது போகும். விடியலில் ஏலம், வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும் என்கிறவள் காலைப்பொழுதுக்கு எங்கே போவாள்? வலித்தால் வந்துவிடு என்று சொல்லித்தான் அனுப்பினேன். படகுகள் போயின, மீன் வந்தது, அவள் வரவில்லை.

ஆவணியில், முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில், சங்கரா மீன் நிறைந்த கூடையைத் தனியாக இறக்கும்போது தோளுக்குள் பட்டென்று ஏதோ விட்டிருக்கிறது. மீன் தெருவில் கொட்டிவிடக் கூடாது என்று அப்படியே பிடித்து இறக்கியிருக்கிறாள். பிறகு இடது கையால் மீன் எடுத்துக் கொடுத்து, மிச்சத்தையும் விற்றுவிட்டுத்தான் வீடு போனாள். பருவத்தில் ஒரு நாள்கூட விட முடியாது என்று எண்ணெய் தேய்த்துக் கட்டிக்கொண்டு, கணவர் ஏற்றிவிட இடது கையை நம்பி ஓட்டியிருக்கிறாள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது தீபாவளி முடிந்திருந்தது.

கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். தோளைக் காதுவரை குறுக்கினாள், கை மட்டும் எழும்பவில்லை. நான் தூக்கினால் போனது. விட்டால் விழுந்தது. தசைநார் முழுக்க அறுந்து உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது, தசையும் வற்றிவிட்டது, தைத்தாலும் பிடிக்குமா என்பது சந்தேகம் என்று அறுவை டாக்டர் சொன்னார்.

“ஆப்ரேசன் பண்ணா கூடை தூக்கலாமா சார்?” என்று கேட்டாள்.

“சுமையெல்லாம் இனிமே முடியாதும்மா.”

“அப்ப எதுக்கு சார்?” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நான் அவளுக்குச் செய்தது, இருக்கிற கையை வைத்துச் சமாளிக்கப் பழக்கியது மட்டும்தான். கூடை போயிற்று. வருஷக்கணக்கில் அவள் பழக்கிய தெருக்களை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள். பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாங்கி வருகிற மீனை வெட்டிக் கொடுக்கத் தொடங்கினாள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் அந்த வேலை செய்ய முடிந்தது. மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றாள். நர்ஸ் ஆக வேண்டிய பெண்.

மறுபரிசோதனை நாள் வந்தது. டாக்டர் வந்து நின்றார். தலையைச் சாய்த்தார்.

“அம்மா, இப்ப தாங்கற அளவுக்கு வந்துடுச்சா?”

“வந்துடுச்சு சார்.”

“பத்துக்கு எவ்வளவும்மா இருக்கும்?”

“ரெண்டு போட்டுக்குங்க.”

“ரொம்ப சந்தோஷம்மா.”

வெளியே போனவளைப் பின்னாலேயே போய் நிறுத்தினேன். ஏன் அஞ்சலை அப்படிச் சொன்னே என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன்.

“பொய் சொல்லல பாயம்மா. கையத் தூக்குனாத்தான வலிக்கும்? தூக்கவே முடியல, எங்கேந்து வலிக்கும்? அவுரு வலியத்தான கேட்டாரு. பொழப்ப கேக்கல.”

அவளிடம் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாத விஷயம். கோபப்பட வேண்டியவள் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு, மீன் வெட்ட நேரமாச்சு என்று போய்விட்டாள். நான் உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். அந்தம்மாவுக்கு வலி போகவில்லை சார், கை போய்விட்டது, அதைக் குணம் என்று எழுதுகிறீர்கள் என்றேன். “பேஷண்ட் திருப்தியாப் போறாங்க. நீங்கதான் உணர்ச்சிவசப்படறீங்க” என்றார். இந்த அறையில் ஒருத்தராவது படணும் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை.

அடுத்த ஆண்டு ஊரில் ஒரு ஹோட்டலில் டாக்டர்களும் எங்களைப் போன்றவர்களும் கூடிய கருத்தரங்கம். எங்கள் தலைவர் பேசினார். நாள்பட்ட மூட்டு, தசை வலியில் நோயாளிகள் எதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. திரையில் தொழில்வாரியாகக் கம்பம் கம்பமாக வரைந்திருந்தார். ஆபீஸ் வேலை, ஓய்வு பெற்றவர்கள், வீட்டு வேலை. மீன் விற்கும் பெண்களின் கம்பம்தான் ஆக உயரம். சிகிச்சை முடிவில் தங்கள் வலி ஏற்கத்தக்க அளவில் இருப்பதாக அவர்கள்தான் அதிகமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். கை தட்டினார்கள். அந்தக் கம்பத்துக்குள் அஞ்சலையும் இருந்தாள், இரண்டு முறை.

நான் எழுந்தேன். சார், அதில் ஒரு பெண்ணுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது என்று ஆரம்பித்தேன். மேடையில் இருந்தவர் பணிவாகக் கையமர்த்தினார். “மேடம், கேள்வியெல்லாம் கடைசியில எடுத்துக்கலாம்.” உட்கார்ந்தேன். கடைசியில், நேரம் ஆகிவிட்டது, சாப்பாடு தயாராக இருக்கிறது என்று அறிவித்தார்கள். சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவல். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடைசியில் கேட்கச் சொன்னார்கள் அல்லவா, இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் கை தட்டியவர்களையும் கேட்கிறேன், டேப்பில் இந்தப் புதிய கேள்வியை எழுதியவர்களையும் கேட்கிறேன். தாங்குதா, தாங்குதா என்று அந்தப் பெண்களிடம் கேட்டீர்களே, உங்களில் ஒரே ஒருவராவது, அவர்கள் கூடையை இறக்கும்போது ஒரு கை கொடுத்துவிட்டுக் கேட்டீர்களா?